மூன்றாம் ஓலை

பிடுங்கிய பற்களை டாக்டர் ஸ்வாதி ஒரு எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்திருந்தார். மேலே இரண்டு, கீழே நான்கு, எல்லாமே முன்பற்கள். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை, கறை இல்லை. பற்பசை விளம்பரத்தில் காட்டுவார்களே, அந்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜெனிஃபர் காலையும் மாலையும் தவறாமல் தேய்த்துக் காப்பாற்றிய பற்கள்.

"பல்லு மேல எந்தத் தப்பும் இல்லம்மா. அத பிடிச்சு நிக்க வைக்கிற எலும்புதான் கரைஞ்சு போச்சு. இது சின்ன வயசுலயே வர்ற ஈறு நோய். நெறைய குடும்பத்துல தொடர்ந்து வரும்." டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சாலமோன் பக்கம் திரும்பினார். "வீட்டுல வேற யாருக்காவது சின்ன வயசுலயே பல்லு விழுந்திருக்கா?"

ஜெனிஃபர் பஞ்சைக் கடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். அவர் கதவுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க டாக்டர். எங்க வூட்ல எல்லாருக்கும் கல்லு மாதிரி பல்லு."

அவர் வாயில் இருந்த மேல் பல்செட்டும் கீழ் பல்செட்டும் முப்பத்து நாலு வயதில் கட்டியவை. டாக்டர் அந்த வாயை ஒரு கணம் பார்த்தார். பிறகு மாத்திரைச் சீட்டு எழுதக் குனிந்துகொண்டார்.

துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, சூடாக எதுவும் சாப்பிடக் கூடாது, ஒரு வாரம் அதிகம் பேசக் கூடாது. ஈறு ஆறி வற்றியபிறகுதான் தற்காலிகப் பல் வைக்க அளவெடுக்க முடியும். அதற்கு மூன்று வாரமாவது ஆகும். நிலையான பல்லைப் பற்றிப் பிறகு பேசலாம், எலும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பேருந்தில் இந்தப் பட்டியலை மனதுக்குள் ஓட்டியபடியே ஜெனிஃபர் வந்தாள். மூன்று வாரம் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணினாள். கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்து மூன்று நாள் இருந்தது.

இரண்டு வருஷமாகவே பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் தள்ளிப்போட்டார்கள். அவளும் தள்ளிப்போட்டாள். மாமல்லபுரத்துக்கு அப்பால் ஒரு ரிசார்ட்டில் அறை முன்பதிவு பார்க்கும் வேலை அவளுக்கு. அங்கேயும் உதட்டை மூடிச் சிரிக்கப் பழகியிருந்தாள். நிச்சயதார்த்தத்தில் எடுத்த நானூறு போட்டோவில் ஒன்றில்கூட அவள் பல் தெரியாது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமான பொண்ணா!" என்று மாப்பிள்ளையின் அம்மா பத்துப் பேர் முன்னால் அவள் கன்னத்தைத் தடவிச் சொன்னார். ஆனால் இந்தத் திங்கட்கிழமை தாடை வீங்கி, காய்ச்சல் நூற்றிரண்டுக்குப் போய், ஈறிலிருந்து சீழ் வந்தது. இனிமேலும் தள்ளினால் பக்கத்துப் பற்களும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பிடுங்கியாயிற்று.

அந்த ஞாயிறுதான் முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை இருவர் பெயரையும் போதகர் வாசிப்பார். இந்த இருவரும் இணைவதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார். பெண் வீட்டுச் சபையிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுச் சபையிலும் வாசிக்க வேண்டும். மூன்று ஓலையும் தடையில்லாமல் போனால்தான் தாலி.

சனிக்கிழமை மத்தியானம் மேரி இரண்டு இட்லியைப் பாலில் கரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து மகளின் எதிரில் உட்கார்ந்தாள். ஜெனிஃபர் தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்துச் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். மடியில் ஒரு துண்டு. எச்சில் அவளைக் கேட்காமலே வழிந்தது, இளஞ்சிவப்பாக. நாக்கு ஓயாமல் போய்ப்போய்த் தையலின் முனைகளைத் தொட்டது. மீன் முள் மாதிரி அவை நாக்கைக் குத்தின. பல் பிடுங்கிய இடத்தில் ஈறு மெத்தென்று பள்ளமாக இருந்தது. வேறு யாருடைய வாயோ தன் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. ஸ்பூனை உள்ளே விடும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பாலில் பாதி கழுத்தில் இறங்கியது.

"மெதுவாம்மா. யாரு துரத்தறா?" என்று மேரி துடைத்துவிட்டாள்.

அப்போதுதான் சாலமோனின் போன் அடித்தது. மாப்பிள்ளை பிரவினின் அம்மா. சாலமோனுக்கு ஒரு காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"ஸ்தோத்திரம் சம்பந்தி! திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு வேன் சொல்லிட்டோம். நீங்க மூணு பேரும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டாண்ட நின்னா ஏத்திக்குவோம். காஞ்சிபுரத்துல பொண்ணே கண்ணால பாத்துப் பொடவ எடுக்கட்டும். அப்புறம் கலரு புடிக்கலன்னு என் தலைய உருட்டக் கூடாது பாருங்க!"

"அது வந்துங்க... பாப்பாக்கு ஒடம்பு செரியில்ல."

"ஐயோ, இன்னா ஒடம்புக்கு?"

சாலமோன் மகளைப் பார்த்தார். வீங்கிய கன்னம், மடியில் ரத்தத் துண்டு. எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்தில் ஓடியது.

"வண்டியிலேருந்து வுழுந்துட்டாங்க. மூஞ்சில அடி. முன்பல்லு போயிடுச்சு."

"ஏசப்பா! எங்க?"

"மாமல்லபுரத்தாண்ட. ஈ.சி.ஆர். ரோட்டுல."

"வண்டியிலயா? ஜெனி பஸ்ஸுலதான வேலைக்குப் போயினு வருது?"

ஜெனிஃபர் தரையில் கையால் இரண்டு முறை அடித்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம்தான் வந்தது. சாலமோன் உள்ளங்கையைக் காட்டி அவளை அடக்கினார்.

"ஆபீஸ்ல இருக்கறவரு ஒர்த்தரு எறக்கி வுடறன்னு கூட்டிகினு வந்தாரு. பின்னாடி குந்திகினு வந்துச்சு."

"யாரு அவரு?"

"மேனேஜருங்க. வயசானவரு," என்றார் சாலமோன் மிக வேகமாக.

அந்தப் பக்கம் யாரிடமோ தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "செரி சம்பந்தி, நாளைக்கு ஓலை முடிஞ்சதும் வந்து பாக்கறோம்" என்று போன் வைக்கப்பட்டது.

மேரி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "ஏன்யா இப்படிச் சொன்ன? ஜொரம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

"ஜொரம் வந்தா பல்லு வுழுமா? கல்யாணத்தன்னிக்குப் பாக்க மாட்டாங்களா? ஆக்சிடென்டுன்னா யாரு மேலயும் தப்பு இல்ல. நாளைக்கே யாருக்கு வேணா நடக்கும். வியாதின்னா பரம்பரையே கெட்ட பரம்பரைன்னு ஆயிடும். நாலு வருசம் அலைஞ்சு புடிச்ச எடம்டி இது."

அவர் தாத்தா காலத்தில் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு கை மண் கிடையாது. சாலமோன் கல்பாக்கம் குடியிருப்பில் ஒப்பந்தத் தோட்ட வேலைக்குப் போய் மகளை பி.காம். படிக்க வைத்தவர். சிறுசேரியில் கம்பெனி வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்பது அந்தத் தெருவுக்கே முதல் முறை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பொய் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் பார்க்கத் தெரியாதவர். மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு என்றால் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும் பெண்களைச் சுற்றுவட்டாரமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சாலையில் வேறொருவன் வண்டியிலிருந்து விழுந்த பெண் என்றால், மிச்சக் கதையைக் கேட்பவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஞாயிறு சாயங்காலம் பிரவினின் அம்மாவும் சித்தியும் வந்தார்கள். ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு டஜன் சாத்துக்குடி. சித்தி முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஜெனிஃபரின் தாடையை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"தொறம்மா. ஆ காட்டு. ம்... சுத்தமா தையல் போட்டிருக்காங்களே. உதடு கிழியலியா?"

"இல்லீங்க, கர்த்தர் காப்பாத்துனாரு," என்றாள் மேரி.

"கையக் காட்டு." திருப்பிப் பார்த்தார். "முட்டி?" நைட்டியை முழங்கால்வரை தூக்கிப் பார்த்தார். "எங்கயும் ஒரு சிராய்ப்பு இல்ல. வண்டியிலேருந்து வுழறவ கையத்தான மொதல்ல ஊனுவா? வாய ஊனுனாளா?"

பிரவினின் அம்மா சங்கடத்தோடு சிரித்தார். "நீ சும்மா இருடி. அவளே வலியில கீறா."

"நா இன்னா தப்பாவா கேட்டேன்? அந்த மேனேஜருக்கு எங்க அடி? அவரு நல்லா கீறாரா?"

"அவருக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றார் சாலமோன்.

"நல்ல மேனேஜரு. பொண்ணத் தள்ளி வுட்டுட்டுத் தான் மட்டும் தப்பிச்சிகினாரு."

ஜெனிஃபர் பக்கத்தில் கிடந்த பால் கணக்கு நோட்டையும் பென்சிலையும் எட்டினாள். எழுதிக் காட்டிவிட முடியும். இரண்டு வரி போதும். மேரி அவள் கையின் மேல் தன் கையை வைத்தாள். அன்பாக வைத்த மாதிரித்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அழுத்தம் ஜெனிஃபருக்கு மட்டும் தெரிந்தது. அவள் பென்சிலை விட்டாள்.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பின்னால் அவள் அதிகம் நினைத்துக்கொண்டாள்.

பிரவினோடு நான்கு மாதமாகப் போனில் பேசிப் பழக்கம். வீடியோ வேண்டாம், வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் போனில் மட்டும்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து, யாரும் பார்க்காமல், பல் ஆட ஆடச் சிரிப்பாள். "இப்படிச் சிரிக்கிறவ நேர்ல மட்டும் ஏன் ஸ்கூல் டீச்சர் மாதிரி இருக்க?" என்று அவன் கேட்பான். அப்போதே சொல்லியிருக்கலாம். நேரில் பார்க்கும்போது சொல்லலாம் என்று வைத்தாள். நேரில் பார்த்தபோது போனில் சொல்லலாம் என்று வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவன் அழைத்தான். டாக்டர் பேசக் கூடாது என்கிறார் என்று எழுதி அனுப்பினாள். "ஒரே ஒரு தடவ. குரல் மட்டும் கேக்கணும்" என்று பதில் வந்தது. எடுத்தாள்.

"ஜெனி?"

"சொல்லுங்க" என்றாள். சொல்லின் முதல் எழுத்தே காற்றாகப் போயிற்று. நாக்கு முட்டி நிற்கப் பல் இல்லை. அவளுடைய பெயரைக்கூட அவளால் முழுசாகச் சொல்ல முடியாது என்பதை அன்று காலைதான் குளியலறையில் சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"ம்."

"ஜெனி, யாரு அந்த மேனேஜரு?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா? சித்தி உங்க ரிசார்ட்டுக்கு போன் பண்ணிக் கேட்டாங்க. மேனேஜர் ஒரு லேடியாம். நீ போன திங்கக்கெழமையிலேருந்தே லீவாம்."

அவள் ஒரே மூச்சில் சொல்ல முயன்றாள். வண்டி இல்லை, விழவில்லை, எலும்பு கரைந்துவிட்டது, அப்பா பயந்து சொல்லிவிட்டார். பாதி வார்த்தையில் எச்சில் நிறைந்து உதட்டோரம் வழிந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து என்ன கேட்டதோ தெரியவில்லை.

"அழாத," என்றான் பிரவின். "அழாத ஜெனி. எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்."

அவள் அழவில்லை. அதையும் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை தையல் பிரித்தார்கள். நன்றாக ஆறி வருகிறது, சின்ன வயசு இல்லையா என்று டாக்டர் ஸ்வாதி சந்தோஷப்பட்டார். ஜெனிஃபர் எக்ஸ்ரேயின் படத்தைக் கேட்டு வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். தாடை முழுவதும் தெரியும் படம். பற்களின் வேர்கள் தண்ணீரில் நிற்கும் கழிகள் மாதிரி, சுற்றிலும் பிடிமானம் இல்லாமல் நின்றன. வீட்டுக்கு வந்து யாரையும் கேட்காமல் அதைப் பிரவினுக்கு அனுப்பினாள். கூடவே ஒன்றரைப் பக்கம் எழுதினாள். எல்லாவற்றையும் எழுதினாள், அப்பாவின் செட்டைப் பற்றியும். கடைசியில் வாயைத் திறந்து ஒரு படமும் எடுத்தாள். அதை மூன்று முறை எடுத்து மூன்று முறை அழித்தாள். நான்காவது முறை அனுப்பினாள்.

மறுநாள் காலை பதில் வந்தது.

"அப்போ ஆக்சிடென்ட்?"

"பொய். அப்பா சொன்னது."

"யாரு வண்டி?"

"வண்டியே இல்லங்க."

அவன் எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பத்து நிமிஷம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது. "அம்மா கேக்கறாங்க, இந்த ரெண்டுல எது பொய்னு."

அந்த ஞாயிறு இரண்டாம் ஓலை இங்கே வாசிக்கப்பட்டது. பிரவின் வீட்டுச் சபையான கூடுவாஞ்சேரியில் வாசிக்கவில்லை. அந்தச் சபையில் பாட்டுக்குழுவில் இருக்கும் ஒரு சொந்தக்காரப் பெண் மேரிக்கு போன் செய்து, "இன்னா அக்கா, தேதி மாத்திட்டீங்களா?" என்று அப்பாவியாகக் கேட்டாள். மேரி போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். சாலமோன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கழற்றாமலே வெகுநேரம் நாற்காலியில் இருந்தார்.

"நாளைக்கு நாம போறோம்," என்றார் மகளிடம். "நா நேர்ல போய்ச் சொல்றேன். தப்பு பண்ணவன் நான்."

திங்கட்கிழமை ரயிலில் போனார்கள். ஜெனிஃபர் மாஸ்க் போட்டிருந்தாள். கூடுவாஞ்சேரியில் அந்த வீடு புதிதாகக் கட்டிய இரண்டு மாடி, வாசலில் பளபளக்கும் கல்லில் வசனம் பொறித்திருந்தது. பிரவினின் அம்மா கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். சித்தியும் இருந்தார். பிரவின் அலுவலகத்துக்குப் போகவில்லை, உள் அறை வாசலில் நின்றான். ஜெனிஃபரைப் பார்க்க அவன் தலை நிமிர்ந்தது. அவள் மாஸ்க்கைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

சாலமோன் பேச ஆரம்பித்தார். வண்டி இல்லை, மேனேஜர் இல்லை, எல்லாம் என் வாயில் வந்த பொய், என் பொண்ணு எவன் கூடவும் போனவ இல்ல. அவர் பேசப் பேசச் சித்தியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. மொதல்ல ஒடம்பு செரியில்லன்னீங்க, அப்புறம் ஆக்சிடென்ட்டுன்னீங்க. இப்ப ஆக்சிடென்ட் இல்ல, வியாதின்னு சொல்றீங்க. எக்ஸ்ரே யாருதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? நாளைக்கு வேற ஒண்ணு சொல்வீங்க."

சாலமோன் எழுந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இடது கையில் விரித்தார். வலது கையை வாய்க்குள் விட்டு மேல் செட்டைக் கழற்றினார், பிறகு கீழ் செட்டை. இரண்டையும் கைக்குட்டையில் வைத்து நீட்டினார். அவர் முகம் மூக்குக்குக் கீழே உள்ளே போய்விட்டது. ஜெனிஃபர் பிறந்ததிலிருந்து அப்பாவை இப்படிப் பார்த்ததில்லை. அவர் ராத்திரியில்கூட விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவார்.

"முப்பத்தி நாலு வயசுல," என்றார். அது வார்த்தையாக வரவில்லை. சித்திக்குப் புரியவில்லை என்று தெரிந்து ஜெனிஃபர், "முப்பத்தி நாலு வயசுல எல்லாம் போச்சு" என்று திருப்பிச் சொன்னாள். அப்பாவும் மகளும் ஒரே குரலில்தான் பேசினார்கள்.

பிரவினின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "நம்பறேன் அண்ணே. நம்பறேன். மொதல்ல அத மாட்டுங்க. இப்படி நிக்காதீங்க."

சாலமோன் மாட்டவில்லை. நம்புகிறார்கள் என்ற ஒன்றே போதும்போல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சித்தி மட்டும் குரலை இறக்கிக் கேட்டார். இப்போது அது நர்ஸின் குரல். "உங்க அப்பாவுக்கு?"

சாலமோன் ஒரு விரலைக் காட்டினார். அவருக்கும் இப்படித்தான் என்று அர்த்தம்.

"கூடப் பொறந்தவங்க?"

இரண்டு விரல்.

ஜெனிஃபருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இல்லாத வண்டிக்காரனிடமிருந்து அவளைக் காப்பாற்ற அப்பா வாயைத் திறந்து காட்டியதில், மறைக்க நினைத்த பரம்பரை நோயைத் தன் கையாலேயே எல்லார் முன்னாலும் எடுத்து வைத்துவிட்டார்.

"எங்களுக்குக் கோவம் எதுவும் இல்ல," என்றார் பிரவினின் அம்மா. கண்ணில் உண்மையிலேயே தண்ணீர் நின்றது. "ஜெனி தங்கமான பொண்ணு. ஆனா பொறக்கப் போற புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க. தெரிஞ்சே எப்படி..."

"எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று பிரவின் ஆரம்பித்தான்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?" என்று அவன் அம்மா கேட்டார். திட்டுகிற மாதிரி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

அவன் வாயைத் திறந்தான். ஜெனிஃபர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். டம்ளரில் குடித்தால் வழியும். அவள் அதைக் கையில் பிடித்தபடியே இருந்து, கிளம்பும்போது அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

ரயிலில் கூட்டமில்லை. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்வரை சாலமோன் கைக்குட்டையை மடியில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எதிர் இருக்கையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். "போடுப்பா" என்று ஜெனிஃபர் சொன்ன பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டார்.

"ஓலை வேணாம்னு பாஸ்டர்கிட்ட நா சொல்லிக்கிறேன்," என்றார் செங்கல்பட்டில் இறங்கியதும். "நீங்க யாரும் வர வேணாம்."

அந்த வாரம் ஜெனிஃபர் நன்றாகவே தேறினாள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வீக்கம் வடிந்தது. தாடையில் இருந்த நீலம் மஞ்சளாகி மறைந்தது. பருப்பு சாதத்தைக் குழைத்துச் சாப்பிட்டாள், பக்கவாட்டில் மென்றாள். கண்ணாடியில் வாயை மூடிப் பார்த்தால் பழைய ஜெனிஃபர்தான், மேலுதடு மட்டும் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. காலை எழுந்ததும் போனை எடுத்துப் பார்ப்பாள். புதிதாக ஒன்றும் இருக்காது. பழைய பேச்சுகளை மேலே தள்ளித் தள்ளிப் படிப்பாள். அவள் சிரித்தபோதெல்லாம் அவன் என்ன சொன்னான் என்று தேடுவாள். போனில் சிரித்தது எதுவும் எழுத்தில் இல்லை. மத்தியானங்களில் மொட்டைமாடிக்கு ஏறுவதை நிறுத்திவிட்டாள். மேரி துணி காயப்போடச் சொன்னால் எழுந்திருக்கமாட்டாள். படுத்துக் கிடந்து ஈறின் பள்ளத்தை நாக்கால் தடவிக்கொண்டிருப்பாள். அது ஆறி மூடிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஆராதனைக்குப் போனார்கள். போகாவிட்டால் கேள்வி வரும் என்றாள் மேரி. ஜெனிஃபர் மாஸ்க்கோடு பெண்கள் பக்கம் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அவர்கள் போதகர் மூன்று ஊர்ச் சபைகளைப் பார்த்துக்கொள்பவர். ஞாயிறு தவிர மற்ற நாள் கண்ணில் படமாட்டார். பிரசங்கம் முடிந்து அறிவிப்புகள் வந்தன. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், உபவாச ஜெபம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது. பிறகு அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நமது சபையைச் சேர்ந்த சாலமோன், மேரி இவர்களின் குமாரத்தி ஜெனிஃபருக்கும், கூடுவாஞ்சேரி சபையைச் சேர்ந்த பிரவின்குமாருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாம் ஓலை. இவர்கள் விவாகத்தால் இணைவதற்குத் தடையாக ஏதேனும் காரணம் அறிந்தவர்கள் இருந்தால், இப்போது தெரிவிக்கலாம்."

ஜெனிஃபர் ஆண்கள் பக்கம் திரும்பினாள். அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். வேதாகமத்தை மூடி மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, தலையைக் கவிழ்த்திருந்தார். அவர் போதகரிடம் சொல்லவே இல்லை. மேரியின் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

யாரும் எழவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது. போதகர் தாளைத் திருப்பினார்.

வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடும்போதே பிரதீபா அக்கா வந்து பிடித்துக்கொண்டாள். எதிர் வீடு, நிச்சயத்துக்குப் பூ தொடுத்தவள்.

"மூணும் முடிஞ்சிச்சுடி! இனிமே நீ கூடுவாஞ்சேரிக்காரி. இன்னிக்காவது அந்த மாஸ்க்க எடுத்துட்டுச் சிரியேன். உன் மாப்பிள்ளைக்கு மட்டுந்தான் சிரிப்பியா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாலமோனின் குரல் கேட்டது. யாரோ கை குலுக்கியிருக்க வேண்டும். "ஆமாங்க, இருவத்தி மூணாந்தேதி. மண்டபந்தான். மொத நாளே வந்துரணும்."

"கல்யாணம் இல்லக்கா," என்றாள் ஜெனிஃபர்.

பிரதீபா அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. மேரி மகளின் முழங்கையைப் பிடித்தாள். "வலி மாத்திரை போட்டுகினு கீறா. அதான் ஏதேதோ பேசறா. நீ போ பிரதீபா, வூட்டுக்கு வந்து பேசு."

முழங்கையில் அழுத்தம் கூடியது. ஜெனிஃபர் அதை விடுவித்துக்கொண்டாள். மாஸ்க்கைக் காதிலிருந்து கழற்றினாள். இரண்டரை வாரத்தில் வீட்டுக்கு வெளியே வாயில் காற்றுப் படுவது அதுதான் முதல் முறை, ஈறு கூசியது.

"மாத்திரை எல்லாம் இல்லக்கா. கல்யாணம் நின்னுபோச்சு." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நாக்கு நிற்க இடமில்லாத எழுத்துகளையும் விடாமல் சொன்னாள். "அவங்க வேணாம்னுட்டாங்க. போன திங்கக்கெழமையே."

பிரதீபா அக்கா அவள் கண்களைப் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தாள். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். ஒருத்தி தன் மகளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேரி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் சாலமோன் இன்னும் யாரையோ குடும்பத்தோடு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.